மூணாவது நம்பர்

ஏனுங் தம்பி, கால் பாத்து வைங்க. அந்தச் சாக்குப் பையில மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்குதுங்க. மிதிச்சுப் போட்டீங்கன்னா மூணு குடும்பத்துத் தண்ணி போயிரும். மேல வைக்கலாம்தான், ஆனா கண்டக்டர் கண்ணுல பட்டா லக்கேஜ் போடும்பான். இங்கயே இருக்கட்டும், நீங்க காலை மட்டும் இப்படி இழுத்துக்கங்க. அவ்வளவுதான்.

கோயமுத்தூர் வரைக்குமுங்களா? நானும் அங்கதான். கழுத்துல அட்டை தொங்குதே, கம்ப்யூட்டர் கம்பெனிங்களா? ஏறுனதுமே நெனச்சேன், இவருகிட்டச் சொன்னா இவருக்குப் புரியும்னு. எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் புரியலீங்க. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? குண்டடம் தாண்டியாச்சு, பல்லடத்துக்குள்ள சொல்லி முடிச்சர்றேன்.

எம்பேரு சென்னியப்பன். எங்குளுக்குக் கூட்டுக் கெணறுங்க. மூணு பங்கு. ஒண்ணு என்னோடது, ஒண்ணு எந்தம்பியோடது, ஒண்ணு சித்தப்பன் மகன் குமரவேலோடது. தம்பி இப்ப இல்லீங்க, போய்ச் சேந்துட்டான். அவன் சம்சாரம் ருக்குமணிதான் காடு பாக்கறா. சின்ன வெங்காயம் போட்டிருக்கா. அதுல வந்தாத்தான் அவளுக்குச் சோறு. மத்தபடி பாவம், நல்ல புள்ளைதான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

முன்னால எப்படின்னா, மோட்டார் ரூமுக்கு ஒரே சாவி. இன்னைக்கு என் முறைன்னா நான் தண்ணி கட்டிட்டு, ரூமைப் பூட்டி, சாவியக் கொண்டுபோயி அடுத்த முறைக்காரங்க ஊட்டுல கையில குடுக்கோணும். ஆணியில மாட்டிட்டு வரக்கூடாது. வாசல்ல வீசிட்டு வரக்கூடாது. உள்ள போயி உக்காந்து ஒரு டம்ளர் மோராச்சும் குடிச்சுட்டுத்தான் வரோணும். யாரு வச்ச சட்டமோ தெரியல, அப்படித்தான் நடந்துட்டு இருந்துச்சு. ருக்குமணிக்கும் எனக்கும் வரப்புல நிக்கற ஒரு தென்னை மரத்துல தகராறு. மரம் எங்க பக்கம், தேங்கா விழுகறது அவ பக்கம். பேச்சு வார்த்தை நின்னு நெம்ப நாளாச்சுங்க. ஆனா சாவி வந்தா மோர் குடிச்சாகோணுமே? அவ ஊட்டுல நான் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு மோர் குடிப்பேன். எங்க ஊட்டுல அவ மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு மோர் குடிப்பா. என்ன பொழப்புங்க இது? அவனவன் நிலாவுக்கு ராக்கெட் உடறான், நாங்க ஒரு சாவியத் தூக்கிட்டு மோருக்கு அலைஞ்சுட்டு இருக்கறோம்.

அப்பத்தானுங்க கோயமுத்தூர்ல விவசாயக் கண்காட்சின்னு போனேன். அங்க இந்தப் பொட்டி. உள்ளாற சிம் கார்டு இருக்குது. ஊட்டுல உக்காந்து போன் அடிச்சா காட்டுல மோட்டார் ஓடும். இன்னொருக்கா அடிச்சா நிக்கும். அதும்போக, மோட்டார் ஓடுனா அதுவே நம்மளக் கூப்புட்டு, 'வணக்கம், உங்கள் மோட்டார் இயங்குகிறது'ன்னு ஒரு பொம்பளைப் புள்ள குரல்ல சொல்லும். அந்தக் குரலுக்கே வாங்கலாமுங்க. நம்மகிட்ட யாரு வணக்கம் வச்சுப் பேசறா?

மூணு பேரும் சமமாப் பணம் போட்டோம். அதுல ஒண்ணும் தகராறு இல்ல. பில்லு எம்பேர்ல. பில்லு ஒருத்தர் பேர்லதானுங்களே போட முடியும்? பொட்டிய மாட்ட வந்த கம்பெனிக்காரன், 'ஐயா, இதுல மூணு நம்பர் பதிவு பண்ணலாம், அந்த நம்பர்ல இருந்து அடிச்சாத்தான் வேலை செய்யும்'னான். மூணு பங்கு, மூணு நம்பர். கடவுளாப் பாத்து வச்ச மாதிரி இருந்துச்சுங்க. என் நம்பர் ஒண்ணு போட்டேன். எங்க ஊட்டுக்காரி சரசு நம்பர் ஒண்ணு போட்டேன். பெங்களூர்ல இருக்கற மாப்பிள்ளை நம்பர் ஒண்ணு போட்டேன்.

ஏன் சிரிக்கறீங்க? மாப்பிள்ளை எதுக்குன்னா, ஒரு பாதுகாப்புக்குத்தான். அவரும் உங்களாட்டம் கம்ப்யூட்டர்தான். நாளைக்கே எனக்கு ஒண்ணுன்னா யாராச்சும் வெவரமானவங்க கையில இருக்கோணுமில்லீங்களா? ருக்குமணிகிட்ட இருக்கறது பட்டன் போனு. குமரவேலு மாசத்துக்கு ஒரு நம்பர் மாத்தறவன். அதுங்க நம்பரைப் போட்டு என்ன பண்றது? மாப்பிள்ளைதான் ஆப்பெல்லாம் ஏத்திக் குடுத்து, 'மாமா, நீங்கதான் அட்மின்'னாரு. அட்மின்னா என்னங்க மாப்பிள்ளைன்னேன். 'நீங்க சொன்னாத்தான் நடக்கும், மாமா'ன்னாரு. இந்த வயசு வரைக்கும் அந்த வார்த்தைய எங்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்லீங்க.

அப்பறம் பாருங்க, சாவி என்னாச்சு? சாவிக்கு வேலையே இல்ல. எங்க ஊட்டு அலமாரியில போட்டாச்சு. பழைய ஸ்டார்ட்டரு, அந்தப் பச்சப் பொத்தான் செவப்புப் பொத்தான் பொட்டி, அதக் கழட்டி ருக்குமணிகிட்டக் குடுத்தேன். ஆட்டுப் பட்டிக் கதவு காத்துக்கு அடிச்சுக்குதுன்னு சொல்லிட்டு இருந்தா, முட்டுக் குடுத்துக்கட்டும்னு. நான் அப்படித்தானுங்க, நாலு பேத்துக்கு உதவறவன்.

ஒண்ணு சொல்றேன், அந்த மாதிரி எம்போனு அடிச்சதே இல்லீங்க. காலையில த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் குமரவேலு கூப்புடுவான். 'ஏனுங்ணா, மோட்டார் போடுங்ணா.' மடை மாத்தறதுக்கு 'நிறுத்துங்ணா.' மறுக்கா 'போடுங்ணா.' ருக்குமணி, தென்னை மரத்துக்கப்பறம் எம்பேரையே எடுக்காதவ, 'பெரிய மாமாங், கொஞ்சம் தண்ணி உடுங்க'ம்பா. நான் ஒடனே போட மாட்டேன். அது அகம்பாவமில்லீங்க. கையில சோலி இருக்குமில்ல? சாப்புட்டுட்டு இருப்பேன், டிவி பாத்துட்டு இருப்பேன். சித்த நேரம் கழிச்சுப் போடுவேன். அவங்களும் மறுக்கா கூப்புடுவாங்க. எங்க ஊட்டுக்காரிதான், 'உங்க நம்பர எடுத்துட்டு அதுங்க நம்பர்ல ஒண்ணப் போட்டுத் தொலைங்களேன்'பா. பாஸ்வேர்டு ஒருத்தர்கிட்டத்தான் இருக்கோணும்டி, கண்டவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு விளம்பரத்துலயே சொல்றான்னேன். சரிதானுங்களே?

மாப்பிள்ளை ஒருக்கா பெங்களூர்ல மீட்டிங்குல உக்காந்துட்டு, பாக்கெட்டுல கை பட்டு, இங்க மோட்டார் ஓடிப் போச்சு. முறைக்காரன் யாருமே காட்டுல இல்ல. தண்ணி வாய்க்கால் ஒடைஞ்சு தார் ரோட்டுல போகுது. போற வாற பஸ்ஸெல்லாம் மெதந்துட்டுப் போகுது. ரோட்டுக்கும் ஒரு முறை உட்டாச்சான்னு குமரவேலு கேட்டான். கேலி பேசறதுல அவன அடிச்சுக்க முடியாதுங்க. நானும் உட்டுக் குடுக்கல. டேய், டெக்னாலஜின்னா ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்னேன்.

இந்தச் சித்திரையிலதான் வெனை. பேத்திக்குக் காதுகுத்துன்னு பெங்களூர் போயிருந்தோம். வெயில் தெரியுமில்ல, கல்லு ஒடையற வெயிலு. ருக்குமணி வெங்காயம் அப்பத்தான் காய் பெருக்கற நேரம். அவ முறை அன்னைக்கு. போன் பண்ணுனா. எடுத்தனுங்க! எடுக்கலைன்னு ஊருக்குள்ள சொல்லிட்டுத் திரியறா, நம்பாதீங்க. எடுத்தேன். 'பெரிய மாமாங், மோட்டார் போடுங்க'ன்னா. போடறேன் புள்ள, அந்தத் தென்னை மரத்தப் பத்தி என்ன ரோசனை பண்ணி வச்சிருக்கறன்னு ஒரு பேச்சுக்குக் கேட்டேன். தண்ணிக்கும் மரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. பேசறப்ப வாயில வந்துருச்சு, அவ்வளவுதான். அவ போனை வச்சுட்டா.

சரி, மறுக்கா கூப்புடுவான்னு இருந்தேன். கூப்புடலை. கூப்புடலைன்னா என்ன அர்த்தமுங்க? தண்ணி வேண்டாம்னுதான அர்த்தம்? நான் பாட்டுக்குப் பந்தியில உக்காந்துட்டேன்.

ஊருக்குத் திரும்பி வந்து பாத்தா, அவ டேங்கர்ல தண்ணி வாங்கி வெங்காயத்துக்கு உட்டுட்டு இருக்கா. கெணத்து மேட்டுலயே லாரி நிக்குது. கெணத்துல ரெண்டாள் மட்டம் தண்ணி கெடக்குது, இவ லாரித் தண்ணி வாங்கறா. அதுலயும் பாதிக் காடு காஞ்சு போச்சு. காயெல்லாம் கோலிக் குண்டு அளவுதான். எனக்கு நெம்பச் சங்கடமாப் போச்சுங்க. ஊர்ல நாலு பேரு என்ன நெனப்பான்? அவளுக்கு என்னைய அசிங்கப்படுத்தோணும், அதுக்கோசரம் லாரிக்காரனுக்குக் கொட்டிக் குடுத்திருக்கா. அந்த வீம்புக்கு என்ன பண்றதுங்க?

அதோட உட்டுச்சா? கெணறு வெட்டப் பூதம் கெளம்புன கதையாட்டம் கம்பெனியில இருந்து மெசேஜ் வருது. இனிமே வருசச் சந்தா கட்டோணுமாம். கட்டலைன்னா பொட்டி வேலை செய்யாதாம். பொட்டிய நாம வாங்கிட்டோமே, அப்பறம் எதுக்குச் சந்தான்னு மாப்பிள்ளைகிட்டக் கேட்டேன். 'மாமா, பொட்டி உங்களுது, ஆனா அதுக்குள்ள இருக்கறது கிளவுடுல ஓடுது, அதுக்குத்தான்'னாரு. கிளவுடுன்னா மேகமாமா. சொந்தக் கெணத்துத் தண்ணிய எடுக்கறதுக்கு மேகத்துக்கு வாடகை! அந்த மேகம் ஒரு தூத்தலாச்சும் போட்டுச்சான்னா அதுவும் இல்ல.

இருந்தாலும் நான் காலத்துக்குத் தகுந்தவன். பங்காளிகளக் கூப்புட்டு வச்சு, சந்தாவ மூணு பேரும் பகிர்ந்துக்கலாம்னேன். குமரவேலு எந்திரிச்சுக் கேட்டான் பாருங்க. 'ஏனுங்ணா, கெணறு தாத்தன் வெட்டுனது. மோட்டாரு நாம மூணு பேரும் வாங்குனது. கரண்டு கவர்மெண்டு இனாமாக் குடுக்குது. நடுவுல தண்ணிய நிறுத்தறதுக்குக் கம்பெனிக்காரன் யாருங்ணா?' பதில் சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள ருக்குமணி, 'அவனாச்சும் காசு கேக்கறான், தென்னை மரம் கேக்கலை'ங்கறா. எல்லாரும் சிரிக்கறாங்க. எங்க ஊட்டுக்காரியும் சிரிக்கறாங்க தம்பி! எனக்கு எப்படி இருந்திருக்கும்? யாருக்காக நான் இத்தன பாடுபட்டேன்?

சந்தா கட்டல, பொட்டி நின்னு போச்சு. சரிடா, பட்டாத்தான் புத்தி வரும்னு, நான் பொட்டியச் செவுத்துல இருந்து கழட்டி ஊட்டுக்குக் கொண்டாந்துட்டேன். ரூமையும் பூட்டியாச்சு. சாவி அலமாரியில. எங்க போயிருவாங்க? தொண்டை காஞ்சா வாசப்படிக்கு வந்துதான ஆகோணும்? அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

ஒருத்தனும் வரலீங்க. போனும் வரல. ஒரு வாரம் ஆகப் போகுது. எத்தன அடி அடிச்ச போனு இது! காலையில எடுத்து வச்சுட்டு உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடக்குது. அதனாலதான் சந்தேகம் வந்து, பொட்டியும் கையுமாக் கெளம்பிட்டேன். கம்பெனி ஆபீசுல பொட்டியச் சரி பண்ணிட்டு, அப்படியே கடைவீதியில இந்தப் போனையும் காட்டிரலாம்னு. ரிங்கு கெட்டுப் போயிருக்கும் போல.

அட, நீங்களே இருக்கறீங்களே! இந்தக் கம்பெனி அட்டைல விலாசம் இருக்குதுங்க, உங்க போனுல பாத்து வழி சொல்லுங்க. காந்திபுரம்னு போட்டிருக்குது. ...என்னது, செவப்பு எழுத்துல என்னமோ வருதே? மூடிட்டாங்கன்னா? நிரந்தரமாவா? இருக்காதுங்க. பழைய தகவலா இருக்கும். வேற கம்பெனிக்காரன் வாங்கிட்டானா? அப்பச் சந்தா யாருக்குப் போகுதாம்? சரி சரி, நேர்ல போனா தெரிஞ்சுறப் போகுது. நீங்க சொல்றதையும் தப்புன்னு சொல்லலை, நெட்டுல ஆயிரம் போடுவான்.

அத உடுங்க. இந்தப் போனை மட்டும் பாருங்க. எப்படிப் பாக்கறதா? உங்க நம்பர்ல இருந்து ஒரு மிஸ்டு கால் குடுங்களேன், என் நம்பர் சொல்றேன்...

அடிக்குதுங்க.

நல்லாச் சத்தமாத்தான் அடிக்குது. பின்னாடி சீட்டுக்காரங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. ஒரு பழுதும் இல்லீங்களா? இல்ல... இல்லீங்களா.

சூலூர் வந்துருச்சுங்களா? இருங்க, ஊட்டுக்கு ஒரு போன் பண்ணிர்றேன்.

ஏ சரசு, நாந்தான். சூலூரு தாண்டப் போகுது. என்னது? கேக்கல, சத்தமாப் பேசு. அதென்ன சத்தம்? மோட்டாரா? எந்த மோட்டாரு? நம்ம மோட்டாரா? ஏண்டி, பொட்டி இங்க என்ர காலுக்குக் கீழ கெடக்குது, மோட்டாரு எப்படி ஓடும்?

...

தம்பி, கேட்டீங்களா அநியாயத்த? பழைய பொட்டிய ஆட்டுப் பட்டியில இருந்து எடுத்தாந்து செவுத்துல மாட்டிட்டாங்களாமா. நான் கழட்டுன மறு நாளே. குமரவேலு ரெண்டு வயரைச் சேத்தானாமா, பச்சப் பொத்தான அமுக்குனானாமா, ஓடுதாமா. ரூம் சாவிய யாருடி குடுத்தான்னேன். 'நாந்தான் குடுத்தேன்'ங்கறா. மத்தியானத்துல நான் டிவி பாத்துட்டே தூங்குவனில்ல, அப்ப எடுத்துக் குடுத்திருக்கா. இத்தன நாளும் ஓடியிருக்குது. நான் போனை மடியில வச்சுட்டு உக்காந்திருக்கறேன், அங்க மோட்டார் ஓடியிருக்குது.

சரசு, இரு, இரு, நிறுத்தச் சொல்லு மொதல்ல! அட்மின் இல்லாம... என்னது? யாரு முறை?

எங்க முறையாமுங்க இன்னைக்கு.

எங்க காட்டுக்குத்தான் தண்ணி பாஞ்சுட்டு இருக்குதாமா. ருக்குமணி காலையில சாவியக் கொண்டாந்து குடுத்துட்டு, 'அக்கா, இன்னைக்கு உங்க முறை'ன்னாளாமா. நான் பஸ்ஸு ஏறுன பொறவு. உள்ள வந்து உக்காந்து ரெண்டு டம்ளர் மோர் குடிச்சாளாமா. சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டுப் போனாளாமா. எங்கூட மூஞ்சியத் தூக்கி வச்சுட்டுக் குடிச்ச மோரை, நான் இல்லாத நேரமாப் பாத்து வந்து சிரிச்சுக் குடிச்சிருக்கா. தம்பி பொண்டாட்டிங்க. அந்நியம் கூட இல்ல. எம்முன்னால சிரிச்சா மோர் புளிச்சா போயிரும்?

நிறுத்துடின்னா, 'நீங்க வந்து நிறுத்திக்கங்க, எனக்கு மடை மாத்தோணும்'னு போனை வச்சுட்டா.

சரி, போகட்டும். ஓடட்டும். எத்தன நாளைக்கு ஓடும் அந்தப் பழைய பொட்டி? சிங்காநல்லூர் வந்துருச்சு போல, எல்லாரும் எந்திரிக்கறாங்க. நீங்க எறங்கோணுமா? இருங்க, பையப் புடிச்சுக்கறேன், தாண்டிப் போங்க.

தம்பி, ஒரு நிமிசம். மாப்பிள்ளை நம்பர அன்னைக்கே எடுத்துட்டேனுங்க, மீட்டிங்குல தொந்தரவா இருக்குதுன்னாரு. மூணாவது நம்பரு காலியாத்தான் கெடக்குது. இப்ப எனக்கு மிஸ்டு கால் குடுத்தீங்களே, அந்த நம்பரையே போட்டு வச்சுக்கட்டுங்களா? பொட்டி சரியானதும் உங்குளுக்கும் போட உடறேன். கோயமுத்தூர்ல உக்காந்துட்டே எங்க கெணத்துல மோட்டார் போடலாம். பங்கெல்லாம் வேண்டாம், பணமெல்லாம் வேண்டாம்.

தண்ணி தேவைப்படாதுன்னு தெரியுமுங்க. சும்மா கூப்புடுங்க. மொத ரிங்குலயே எடுத்தர்றேன்.